விமானியின் லைசென்ஸை முடக்கினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

மழைத்துளி:
வணக்கம் நண்பர்களே. எங்காவது ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகினாலோ, இறங்கும்போது வால் உரசினாலோ, மறுநாளே 'விமானிகள் இருவரும் பணியிலிருந்து நிறுத்திவைப்பு' என்று செய்தி வருகிறது. அதற்கப்புறம் எதுவும் காதில் விழுவதில்லை. ஒரு நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் விமானிகளை உண்மையில் எப்படிக் கண்காணிக்கிறது? லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மட்டும்தானா, நடுவில் ஏதாவது நடக்கிறதா? பறப்பவர்களும் ஹேங்கரில் விமானப் பழுது பார்ப்பவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முதல்வரிசை:
தண்டனை போதவில்லை என்பதுதான் என் கருத்து. 2020 மே மாதம் கராச்சியில் பாகிஸ்தானின் அரசு ஏர்லைனான பிஐஏவின் விமானம் குடியிருப்புகள் மேல் விழுந்தது. அடுத்த மாதமே பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் அமைச்சர் எழுந்து, 860 விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்றார். தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை வைத்துத் தேர்வு எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐரோப்பா உடனே பிஐஏவுக்குக் கதவை மூடியது. 2024 நவம்பரில்தான் திறந்தது. லைசென்ஸையே நம்ப முடியாத இடத்தில் வேறு எதை நம்புவது? பிடிபட்டவரை வாழ்நாள் முழுக்கப் பறக்கவிடக் கூடாது. பயம் இருந்தால்தான் ஒழுங்கு வரும்.

இடதுஇருக்கை:
மழைத்துளி, நீங்கள் கேட்கும் அந்த 'நடு'வில்தான் எல்லாமே நடக்கிறது. நான் ஏர்லைனில் கேப்டன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அடிப்படை விதிகள் எல்லா நாட்டுக்கும் பொது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கீழ் ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. ஏர்லைன் கேப்டன் உரிமத்துக்கு 1500 மணி நேரப் பறப்பு வேண்டும். இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேச வர்த்தக விமானத்தில் வயது வரம்பு 65. மெடிக்கல் ஆண்டுக்கு ஒரு முறை, 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ரேடியோவில் ஆங்கிலம் பேசும் திறனுக்கு ஆறு படிகள் உண்டு, அதில் குறைந்தது நான்காவது படியில் தேற வேண்டும். ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டமாக எழுதிக்கொள்கிறது. கடுமையாக்கிக்கொள்ளலாம். எங்காவது மாறுபட்டால் ஐகாவோவிடம் தெரிவித்தாக வேண்டும்.

அப்புறம் சிமுலேட்டர், அதாவது தரையிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் மாதிரி இயந்திரம். லைசென்ஸ் வாங்கியதோடு முடிந்துவிடுவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை. எக்ஸாமினர் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஓடுபாதையில் வேகம் ஏறிக்கொண்டே போகும். இனி நிறுத்த முடியாது என்கிற வேகம் ஒன்று உண்டு, வீ-ஒன் என்போம். அதைத் தொட்டதும் அவர் ஒரு எஞ்சினை அணைத்துவிடுவார். செத்த எஞ்சின் பக்கமாக மூக்கு இழுக்கும். மறுபக்கக் கால் பெடலை மிதித்து நேராகப் பிடித்து, மேலே தூக்கி, மிச்சமிருக்கும் ஒரே எஞ்சினில் சுற்றி வந்து இறக்க வேண்டும். கை வேலைக்கு மட்டும் மார்க் இல்லை. யார் ஓட்டுகிறார், யார் செக்லிஸ்ட் வாசிக்கிறார், கேப்டன் தவறினால் துணை விமானி வாய் திறக்கிறாரா என்பதையும் பார்ப்பார். தேறாவிட்டால் மறுபயிற்சி, மறுதேர்வு. அதுவரை விமானத்தில் ஏற முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எக்ஸாமினர் பெரும்பாலும் அதே கம்பெனியின் மூத்த கேப்டன்தான். ஆணையம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கும். ஆணையத்து ஆய்வாளர் அவ்வப்போது வந்து, அந்த எக்ஸாமினர் சரியாகத் தேர்வு நடத்துகிறாரா என்று பார்ப்பார். ஆயிரக்கணக்கான விமானிகளுக்கு ஆணையமே நேரடியாகத் தேர்வு வைப்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். தேர்வு வைப்பவரைச் சோதிப்பதுதான் அதன் வேலை.

முதல்வரிசை:
எனக்கு உறுத்துவதே அதுதான், கேப்டன் சார். கம்பெனி ஆளுக்குக் கம்பெனி ஆளே மார்க் போட்டால் யாரை ஃபெயில் செய்வார்கள்? போயிங்கின் 737 மேக்ஸ் விமானத்தில் என்ன ஆனது? அதற்கான சான்றிதழ் வேலையின் பெரும்பகுதியை அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏ போயிங்கின் ஆட்களிடமே ஒப்படைத்தது. 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானம் விழுந்தது, 2019 மார்ச்சில் எத்தியோப்பியன். இரண்டிலும் சேர்த்து 346 உயிர்கள்.

சட்டப்புள்ளி:
முதல்வரிசை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே சம்பவத்தில் இன்னொன்றும் நடந்தது. எத்தியோப்பியன் விபத்து மார்ச் 10. சீன ஆணையம் மறுநாளே மேக்ஸ் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. சிங்கப்பூர், ஐரோப்பா, இந்தியா எல்லாம் 12ஆம் தேதி. விமானத்துக்குச் சான்றளித்த எஃப்ஏஏ 13ஆம் தேதிதான் நிறுத்தியது. அதுவரை ஒரு விமானத்தின் தகுதி பற்றி எஃப்ஏஏ சொன்னால் உலகம் கேட்டுக்கொள்ளும் என்ற நிலை இருந்தது. உள்ளூர் ஆணையத்துக்குத் தன் வானத்தை மூடும் அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் துணிவும் வேண்டும் என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின.

பாகிஸ்தான் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தேர்வு எழுதியதாகப் பதிவான நாளில் அந்த விமானி வானத்தில் பறந்துகொண்டிருந்தார் என்பது போன்ற முரண்களை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள். தேர்வுக் கணினியும் பதிவேடும் ஆணையத்தின் கையில் இருந்தவை. ஆணையத்து அதிகாரிகளும் இடைநீக்கம் ஆனார்கள். பட்டியலில் இருந்த பலர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். ஒழுங்காகத் தேறி வெளிநாட்டு ஏர்லைன்களில் பறந்துகொண்டிருந்தவர்களும், சரிபார்ப்பு முடியும்வரை வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. இதை விமானிகளின் குற்றம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

ஹேங்கர்காரன்:
விமானிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆணையத்தின் கண்ணை நான் நேரில் பார்ப்பது ராம்ப் செக்கில். விமானம் வந்து நின்று, அடுத்த பயணத்துக்குக் கிளம்புவதற்குள் ஆய்வாளர்கள் ஏறிவிடுவார்கள். முன்கூட்டித் தகவல் கிடையாது. ஐரோப்பாவில் இதற்கென ஐம்பதுக்கும் மேற்பட்ட அம்சங்கள் கொண்ட பட்டியலே உண்டு. வேற்று நாட்டு விமானம் வந்தாலும் அதே சோதனைதான்.

காக்பிட்டில் முதலில் லைசென்ஸ், மெடிக்கல். கண்ணாடி போட்டுத்தான் பறக்க வேண்டும் என்று மெடிக்கலில் எழுதியிருந்தால், 'இன்னொரு ஜோடி கண்ணாடி எங்கே, எடுங்கள்' என்பார். மாற்றுக் கண்ணாடி பையில் இல்லையென்றால் அதுவே ஒரு குறை. அடுத்து டெக் லாக், விமானத்தின் பழுதுகளை எழுதிவைக்கும் பதிவேடு. தள்ளிவைத்த பழுதுகள் ஒவ்வொன்றுக்கும் கெடு இருக்கிறது: சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்குப் பத்து நாள். தேதியை விரலால் எண்ணிப் பார்ப்பார். கீழே இறங்கி டயர் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, சரக்கு அறையில் வலை சரியாகக் கட்டியிருக்கிறதா என்றெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பார். குறைகளை மூன்று தரமாகப் பிரிப்பார்கள். மூன்றாம் தரம் என்றால், சரிசெய்யாமல் விமானம் கிளம்பாது.

நல்ல ஆய்வாளர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். 'இது ஏன் உடைந்தது' என்று கேட்க மாட்டார். 'இது உடைந்தது முதலில் யாருக்குத் தெரிந்தது, அவர் யாரிடம் சொன்னார்' என்று கேட்பார்.

இரவுரோஸ்டர்:
நான் துணை விமானி. லைசென்ஸ், பரீட்சை, காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஆள் தூக்கத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? 2010 மே மாதம் மங்களூரில் 158 பேர் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவில் கேப்டனின் குறட்டைச் சத்தம் இருந்தது. தூங்கி எழுந்த மந்தம் நீங்காமலே தரையிறக்கத்துக்கு வந்ததாக விசாரணை சொன்னது. அனுபவத்தில் அவருக்குக் குறைவே இல்லை.

ஆணையம் செய்கிற வேலைகளிலேயே முக்கியமானது பணிநேர விதி என்பேன். அதில்தான் கம்பெனிகளின் அழுத்தமும் அதிகம். இந்தியாவின் விமான ஆணையமான டிஜிசிஏ 2024 ஜனவரியில் விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஆறு வரை என்று நீண்டது. இரவில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. ஏர்லைன்கள் அவகாசம் கேட்டன, அமல் தள்ளிப்போனது, விஷயம் நீதிமன்றம் வரை போய், 2025இல் இரண்டு கட்டமாக வந்தது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. பயணிகள் விமான நிலையத்தில் தவித்தார்கள். டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளில் தற்காலிக விலக்கு கொடுத்தது.

அந்தப் பயணிகளின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் எனக்கு, அந்த விலக்கு ஆறாத வருத்தம். தூக்கக் கணக்கு அறிவியல். ஆள் பற்றாக்குறை நிர்வாகப் பிரச்சினை. இரண்டாவதற்காக முதலாவதைத் தளர்த்தினால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது எந்தக் கம்பெனி அவசரப்படும்?

சட்டப்புள்ளி:
அருமையான உதாரணம். சேவையும் நிற்கக் கூடாது, விதியும் தளரக் கூடாது என்ற இரண்டு பொறுப்பும் ஒரே அமைச்சகத்தின் தலையில் இருந்தால் இப்படித்தான் ஆகும். நேபாளத்தில் இது இன்னும் வெளிப்படை. அங்கே ஒரே அமைப்புதான் விமான நிலையங்களை நடத்துகிறது, அதுவே விதி போட்டு மேற்பார்வையும் செய்கிறது. இரண்டாகப் பிரிக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் பேச்சு. நேபாள ஏர்லைன்கள் எல்லாமே 2013 டிசம்பரில் ஐரோப்பியத் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

தாய்லாந்து வேறு பாதையில் போனது. 1999 முதல் ஐகாவோ நாடுகளின் ஆணையங்களையே தணிக்கை செய்கிறது. சட்டம், அமைப்பு, உரிமம், இயக்கம், விமானத் தகுதி, விபத்து விசாரணை, வான்வழிச் சேவை, விமான நிலையம் என எட்டுத் துறைகள். 2015 ஜூனில் தாய்லாந்துக்கு, மேற்பார்வையில் கடுமையான குறை என்ற சிவப்புக் கொடி விழுந்தது. அந்த நாடு பழைய துறையைக் கலைத்து, மேற்பார்வைக்கென்று தனி ஆணையம் அமைத்து, சர்வதேசத் தடங்களில் பறக்கும் ஏர்லைன்களுக்கு முதலிலிருந்து சான்றளித்தது. 2017 அக்டோபரில் கொடி இறங்கியது. தைரியமான முடிவு, பாராட்ட வேண்டும்.

வெள்ளைக்கோட்டு:
மருத்துவர் என்ற முறையில் ஒன்று. 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் ஏர்லைனின் விமானம். துணை விமானி காக்பிட்டில் தனியாக இருந்து, கதவைப் பூட்டி, ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர். சில நாட்களுக்கு முன்புதான் ஒரு மருத்துவர் அவரை மனநல மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் கம்பெனிக்கும் போகவில்லை, ஆணையத்துக்கும் போகவில்லை. அவரும் சொல்லவில்லை. லைசென்ஸ் போனால் சம்பாத்தியம் போகும், பறக்கும் கனவும் போகும் என்ற பயத்தைப் பிரெஞ்சு விசாரணை அறிக்கை நேரடியாகவே பேசுகிறது.

முதல்வரிசை, பயம் இருந்தால்தான் ஒழுங்கு வரும் என்றீர்கள். மருத்துவ அறையில் நான் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது. பயந்தவர் தூக்கம் வரவில்லை என்பதைக்கூட என்னிடம் சொல்ல மாட்டார். 'எல்லாம் நன்றாக இருக்கிறது டாக்டர்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஐரோப்பா 2018இல் கொண்டுவந்த விதிகளில் ஏர்லைனில் சேருமுன் உளவியல் மதிப்பீடு, மது சோதனை ஆகியவற்றோடு சக விமானிகள் வழியாக உதவி கேட்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியது. கடைசியாகச் சொன்னதுதான் உயிர் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல்வரிசை:
டாக்டர், நோயைச் சொல்பவரைத் தண்டிக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறு செய்தவரை? குடித்துவிட்டு வந்தவரை? எதற்குமே தண்டனை இல்லையென்றால் ஆணையம் எதற்கு?

இடதுஇருக்கை:
குடித்துவிட்டு வருவது தவறுதல் இல்லை, அறிந்தே செய்வது. இந்தியாவில் பறப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே மது கூடாது. பணிக்கு முன் ஊதிக் காட்டி முதல் முறை சிக்கினால் மூன்று மாதம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை லைசென்ஸே ரத்து. இதைத் தளர்த்தச் சொல்லி எந்த விமானியும் கேட்க மாட்டார். போலிச் சான்றிதழுக்கும் இதே பதில்தான்.

நான் சொல்வது மற்றதைப் பற்றி. ரேடியோவில் சொன்னதைத் தவறாகக் கேட்டுக் கொஞ்சம் தாழ இறங்கிவிட்டேன், பயணிகள் யாருக்கும் தெரியாது, ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்வேனா மாட்டேனா?

1974 டிசம்பர் 1, டிடபிள்யூஏ 514. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிவந்த போயிங் 727. 'அப்ரோச்சுக்கு அனுமதி' என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதும், 1800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மலை. 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு யுனைட்டட் விமானிகள் அதே இடத்தில், அதே சொற்களை அதே மாதிரிப் புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தார்கள்! அவர்கள் தங்கள் கம்பெனியிடம் சொன்னார்கள். கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. டிடபிள்யூஏ காதுக்கு அது போகவே இல்லை.

அதற்குப் பிறகு எஃப்ஏஏ ஒரு தகவல் திட்டம் தொடங்கியது. நாளைக்கு நம் லைசென்ஸைப் பறிப்பவரிடமே இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று விமானிகள் தயங்கினார்கள். 1976இல் அதை நாசாவிடம் ஒப்படைத்தார்கள். நாசாவுக்கு யாருடைய லைசென்ஸையும் தொடும் அதிகாரம் இல்லை. அறிக்கையில் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைக் கிழித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து நாளுக்குள் அறிக்கை கொடுத்திருந்தால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்கு எஃப்ஏஏ பொதுவாக லைசென்ஸை முடக்குவதில்லை. விபத்துக்கும் குற்றத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

எனவே முதல்வரிசை, தண்டனை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறேன். ஒரு உதாரணம். அதிர இறங்கினாலே விமானியைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். மெத்தென்று இறக்க வேண்டும் என்று அவர் ஓடுபாதையின் மேலேயே மிதந்துகொண்டு போவார். அதற்குள் ஓடுபாதையின் கால்வாசி பின்னால் போயிருக்கும். மழை நாளில் அதைவிட ஆபத்து எது?

முதல்வரிசை:
மிதந்துகொண்டு போவது என்பது எனக்குப் புதிய செய்தி. சரி, அப்படியானால் தங்கள் தோல்விகளைக் கம்பெனிக்கே தெரியாமல் மறைப்பவர்களை என்ன செய்வது? 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் விமானத்தின் கேப்டன் பல பரீட்சைகளில் தோற்றிருந்தார், வேலைக்கு எடுத்த கம்பெனிக்கு எல்லாம் தெரியாது என்று படித்தேன்.

சட்டப்புள்ளி:
ஆமாம், அங்கே சட்டம் மாறியது. 50 பேர் இறந்த அந்த விபத்தின் குடும்பங்கள் ஓயாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது. விமானியின் தேர்வு வரலாறு முழுவதும் வேலைக்கு எடுக்கும் கம்பெனி பார்க்கும்படி ஒரு தரவுத்தளம், துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம், ஓய்வு விதிகள் எல்லாம் அதன் வழியாக வந்தவை. 1500 பற்றி இன்றும் சண்டை உண்டு. அந்த இரண்டு விமானிகளுக்குமே அதைவிட அதிக மணி நேரம் இருந்தது. பதிவேடு பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரு சந்தேகம் பாக்கி. ஒரு சிறிய நாடு, இரண்டு ஏர்லைன், மொத்தமே சில டஜன் விமானிகள். பெயரைக் கிழித்தாலும் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடுமே? ஆய்வாளரும் பழைய சக ஊழியராகத்தான் இருப்பார்.

ஹேங்கர்காரன்:
நடைமுறையில் பெரிய சிக்கல் அதுதான். ஒரு விமான ரகத்தை ஆய்வு செய்ய, அந்த ரகத்தில் பறந்தவரோ பழுது பார்த்தவரோ வேண்டும். அவர்களுக்கு ஏர்லைன் தரும் சம்பளத்தை அரசால் தர முடிவதில்லை. ஆணையம் பயிற்சி கொடுத்து ஆளாக்கும், ஏர்லைன் தூக்கிக்கொண்டு போகும். அப்புறம் ஆய்வாளர் நாற்காலி காலி. காலியான நாற்காலி எந்த டெக் லாக்கையும் புரட்டிப் பார்க்காது.

சட்டப்புள்ளி:
சில நாடுகள் கைகோத்துத் தீர்வு தேடுகின்றன. கிழக்குக் கரீபியனில் பல தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஆணையம். பசிபிக் தீவுகளுக்கு வனுவாட்டுவிலிருந்து பாசோ என்ற கூட்டு அலுவலகம் ஆய்வாளர்களை அனுப்புகிறது. ஆய்வாளர் வேறு தீவிலிருந்து வருவதால் பழகிய முகம் என்ற தயக்கம் குறைகிறது. ஒரு நாட்டால் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத நிபுணரை ஐந்தாறு நாடுகள் சேர்ந்து வைத்துக்கொள்ள முடிகிறது. இறுதிப் பொறுப்பு மட்டும் அந்தந்த நாட்டிடமே இருக்கும், ஒப்பந்தப்படி அதை முழுசாகக் கைகழுவ முடியாது.

இரவுரோஸ்டர்:
அறிக்கை எழுதுவதற்கும் இந்தக் கூட்டு வழி உதவும். ஐந்து நாட்டுத் துணை விமானிகளின் சோர்வு அறிக்கைகள் ஒரே பெட்டியில் விழுந்தால், என்னுடையது எது என்று என் சீஃப் பைலட்டால் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தடத்தில், எந்த இரவு நேரத்தில் எல்லோரும் களைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். ரோஸ்டர் போடுபவருக்குத் தேவையானதும் அவ்வளவுதான். இதற்கென்று தனி இழை தொடங்குகிறேன். சோர்வு அறிக்கை கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் கம்பெனிப் பெயர் போடாமல் அங்கே எழுதுங்கள்.